வாசகர் கேள்வி பதில்: ஏழு பாட்டும் அரை மணி நேரமும்

சென்ற இதழில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஆரம்பகால இசை நிகழ்ச்சியான ‘யுவர் ஹிட் பரேட்’ பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வெளியானது. குறிப்பைவிட அதற்கு வந்த கடிதங்கள்தான் நீளம். ஒரே விடயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். பழைய வீடியோக் கசெற் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இடம் பார்க்காமல் எழுதியிருக்கிறோம். கொழும்பின் ஈரக்காற்றுக்கு முன்னால் அவற்றைக் காப்பாற்றுவது ஒத்திப்போடக்கூடிய வேலை இல்லை.

‘ஹிட் பரேட்’ பாட்டுப் போட்டியா, அல்லது நட்சத்திரப் பாடகர்களின் கச்சேரியா? (வாசகி, வெள்ளவத்தை)

இரண்டுமல்ல. அந்த வாரம் அமெரிக்காவில் அதிகம் விரும்பப்பட்ட பாட்டுகளைக் கணக்கெடுத்து, முதல் ஏழையும் நிகழ்ச்சியின் சொந்தப் பாடகர்களே பாடுவார்கள். இசைத்தட்டைச் சுழலவிடுவதில்லை. பாட்டைப் பிரபலமாக்கியவரைக் கூப்பிட்டு மேடையேற்றுவதும் இல்லை. பாட்டுத்தான் நாயகன், யார் பாடினால் என்ன என்பதே அதன் கொள்கை. நிகழ்ச்சி வளர்ந்ததும் அதனால்தான், விழுந்ததும் அதனால்தான்.

1935 ஏப்ரலில் வானொலியில் தொடங்கியது. ஃபிராங்க் சினாட்ரா 1940களில் இரண்டு தடவை அதன் பாடகராக இருந்தார். 1950இல் என்.பி.சி. தொலைக்காட்சிக்கு வந்தது: சனிக்கிழமை இரவு 10.30 மணி, அரை மணி நேரம், நேரடி ஒளிபரப்பு. 1958இல் சி.பி.எஸ்.ஸுக்கு மாறி, 1959 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கும் அணி ஸ்னூக்கி லான்சன், டொரதி கொலின்ஸ், ரசல் ஆர்ம்ஸ், ஜிசேல் மக்கென்சி என்ற நால்வர். பின்னாளில் பிராட்வேயின் பெரிய நடன இயக்குநராகிய பொப் ஃபொஸ்ஸி ஆரம்பத்தில் இதில் ஆடியவர்.

தலைவலி எங்கே இருந்தது என்றால், பிடித்த பாட்டு உடனே இறங்கிப் போகாது. ‘டூ யங்’ என்ற காதல் பாட்டு 1951இல் 12 வாரம் முதலிடத்தில் நின்றது. அதே பாட்டை வாரத்துக்கு வாரம் அதே மாதிரி நின்று பாடினால் மூன்றாம் வாரமே ரி.வி.யை அணைத்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு வாரமும் அதற்குப் புதிய சிறு கதை, புதிய அரங்கம், புதிய உடை. சொற்கள் மாறாது, காட்சி மாற வேண்டும். ரோனி சார்மோலி போன்ற நடன இயக்குநர்கள் இதிலேயே பெயரெடுத்தார்கள். எங்கள் கணிப்பில், இசைக் காணொளி என்று இன்று நாம் சொல்வதன் இலக்கணத்தில் பாதி அங்கே, அந்த நெருக்கடியில் உருவானதுதான்.

தரவரிசையை யார், எப்படிக் கணக்கிட்டார்கள்? (வாசகர், தெஹிவளை)

தாளில் அச்சிட்ட இசைக்குறிப்பு விற்பனை, இசைத்தட்டு விற்பனை, வானொலியில் ஒலித்த தடவைகள், காசு போட்டால் பாடும் ஜூக்பொக்ஸ் பெட்டிகளில் தெரிவானவை, இத்தனையும் சேர்த்தே வரிசை போடுவதாகச் சொன்னார்கள். எதற்கு எத்தனை புள்ளி என்பதை ஒருபோதும் வெளியிடவில்லை. நிகழ்ச்சிக்குப் பணம் போட்டது லக்கி ஸ்ட்ரைக் சிகரெட். கணக்கும் விளம்பரப் பக்கத்தார் கையில் இருந்தது. சந்தேகப்படுகிறவர்கள் சந்தேகப்படலாம். டொரதி கொலின்ஸ் முதலில் அறிமுகமானதுகூட அந்தச் சிகரெட்டின் விளம்பரப் பாட்டைப் பாடித்தான்.

முதல் மூன்று இடங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். இடையில் ‘லக்கி ஸ்ட்ரைக் எக்ஸ்ட்ரா’ என்ற பெயரில் பட்டியலில் இல்லாத பழைய பாட்டுகளும் வரும்.

இலங்கையில் இதைப் பார்க்க வழி இருந்ததா? எங்கள் அப்பா ‘ஹிட் பரேட் கேட்டோம்’ என்பார். (வாசகர், கொட்டாஞ்சேனை)

பார்த்திருக்க முடியாது. இங்கே தொலைக்காட்சி தொடங்கியது 1979 ஏப்ரல் 13இல், ஐ.ரி.என். மூலம், ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல். அமெரிக்க நிகழ்ச்சி முடிந்து 20 வருடத்துக்குப் பிறகு. அப்பா ‘கேட்டோம்’ என்றுதான் சொல்கிறார், கவனியுங்கள். ஹிட் பரேட் என்பது அந்தக் காலத்தில் தரவரிசைப் பாட்டு நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் வழங்கிய பொதுப்பெயர்.

கொழும்பு வானொலிக்கு இதில் தனிப் பங்கு உண்டு. போர்க்காலப் படைகளுக்காக ஏக்கலையில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி பிறகு ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. 1950 செப்டெம்பர் 30இல் வர்த்தக சேவை தொடங்கியதும் அந்தச் சிற்றலை இந்தியா முழுவதும் கேட்டது. இந்தியாவில் அமைச்சர் பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டுகளை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்க, அறிவிப்பாளர் அமீன் சயானியின் இந்திப் பாட்டு நிகழ்ச்சியான ‘பினாக்கா கீத்மாலா’ 1952 டிசெம்பரில் கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. ஒலிப்பதிவு பம்பாயில், ஒலிபரப்பு இங்கிருந்து. தொடக்கத்தில் அதிலும் ஏழு பாட்டுகள்தான். வரிசையை நேயர்கள் எழுதி அனுப்ப வேண்டும். ஆனால் அங்கே ஒலித்தது மூல இசைத்தட்டு. லதாவின் பாட்டை வேறொருவர் பாடிக்காட்டும் நிகழ்ச்சியை நம் நேயர்கள் ஒரு வாரம்கூடப் பொறுத்திருக்க மாட்டார்கள். நம்மிடம் அந்த வேலையை மேடையில் மெல்லிசைக் குழுக்கள் செய்தன, ‘பாட்டுக்குப் பாட்டு’ மாதிரி நிகழ்ச்சிகளில் நேயர்களே செய்தார்கள்.

யூடியூபில் பார்த்தேன். நகை போட்ட பாடகியைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிகிறது. பதிவின் பழுதா? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதிவில் பிழையில்லை, கமராவின் குணம் அது. அக்காலத்து ஸ்டூடியோ கமராக்களில் ‘இமேஜ் ஓர்த்திகொன்’ என்ற குழாய் இருந்தது. கடும் வெளிச்சம் ஓர் இடத்தில் விழுந்தால், அங்கிருந்து தெறிக்கும் எலெக்ட்ரொன்கள் பக்கத்து இடங்களில் போய் விழுந்து அவற்றைக் கறுப்பாக்கிவிடும். மினுங்கும் கல், சரிகை, பித்தளை வாத்தியம், எது பளிச்சென்றாலும் அதைச் சுற்றிக் கறுப்பு வளையம் வரும். அதனால்தான் ஆண்களுக்கு வெள்ளைச் சேர்ட் கொடுக்காமல் இளநீலம் போன்ற மங்கல் நிறம் கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெள்ளையாகவே தெரியும். மினுக்கம் கூடிய பொருளின்மேல் மங்கலாக்கும் பூச்சு அடிப்பதும் வழக்கம்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். காட்சி மெதுவாகப் பெரிதாகி முகத்துக்கு வருகிறதே, அது சூம் அல்ல. கமராவின் முகப்பில் சுழலும் தட்டில் நான்கு லென்ஸ்கள் இருக்கும். தட்டைச் சுழற்றும்போது படம் குலையும், ஆகவே அந்தக் கமரா ஒளிபரப்பில் இல்லாத நொடிகளில்தான் லென்ஸ் மாற்றலாம். படம் போய்க்கொண்டிருக்கும்போது கிட்ட வரவேண்டுமென்றால், கனத்த கமராவைச் சக்கர வண்டியோடு தள்ளிக்கொண்டே வரவேண்டும். தரையில் கேபிள், மேலே மைக் தொங்கும் நீண்ட கை, நடுவில் உடை மாற்றி ஓடிவரும் பாடகி. மைக்கின் நிழல் பின்திரையில் விழுந்தால் அழிக்க வழியில்லை. ஒரே அசையாக் காட்சியில் கமராவை நீண்ட நேரம் நிறுத்தினாலும் ஆபத்து: அந்த உருவம் குழாயில் பதிந்து அடுத்த காட்சியிலும் பேய் போலத் தெரியும்.

சில பதிவுகளில் படத்தின் குறுக்கே, சரியாக நடுவில், மெல்லிய கோடு துடிக்கிறது. அதேன் நடுவில்? (மின்னியல் மாணவர், மொறட்டுவை)

நல்ல கேள்வி. நீங்கள் பார்ப்பது ‘கினெஸ்கோப்’ பதிவு. வீடியோ ரேப் வருமுன், ரி.வி. திரைக்கு முன்னால் ஃபிலிம் கமராவை வைத்துப் படமெடுப்பதே பதிவு செய்யும் வழி. பெரும்பாலும் 16 மி.மீ. ஃபிலிம்.

கணக்கு இப்படி. அமெரிக்க ரி.வி. வினாடிக்கு 60 புலங்கள் வரையும். இரண்டு புலம் சேர்ந்தால் ஒரு முழுப் படம். ஃபிலிம் வினாடிக்கு 24 படம். வினாடியை 120 கூறாகப் பிரியுங்கள். ஒரு புலத்துக்கு 2 கூறு; ஒரு ஃபிலிம் படத்துக்கு 5 கூறு. 4 கூறு நேரம் திறந்திருந்தால் இரண்டு புலமும் முழுதாகப் பதிந்துவிடும். மிஞ்சும் 1 கூறில், அதாவது வினாடியின் 120இல் ஒரு பங்கில், ஃபிலிம் கமராவின் மூடியை (ஷட்டர்) அடைத்து ஃபிலிமை அடுத்த படத்துக்கு இழுத்துவிட வேண்டும். சுழலும் மூடித் தகட்டின் 360 பாகையில் 72 பாகை மூடியிருக்கும்படி வடிவமைத்தது இதற்காகத்தான்.

இப்போது அடுத்த படத்தைப் பாருங்கள். அது 5 கூறு முடிந்ததும் தொடங்குகிறது, அதாவது இரண்டரைப் புலம் கடந்த பிறகு. படத்தை வரி வரியாக வரையும் ரி.வி.யின் கதிர் அப்போது திரையின் நட்டநடுவில் நிற்கிறது. எனவே ஒன்றுவிட்டொரு ஃபிலிம் படத்தில் தொடக்கமும் முடிவும் திரையின் நடுவில் சந்திக்கும். தகட்டின் கோணம் மிகச் சரியாக இருந்தால் ஒட்டு தெரியாது. திறந்திருக்கும் நேரம் கொஞ்சம் கூடினால் சில வரிகள் இரு தடவை பதிந்து வெள்ளைக் கோடு. கொஞ்சம் குறைந்தால் வரிகள் விடுபட்டுக் கறுப்புக் கோடு. ஒன்றுவிட்டொரு படத்தில் மட்டும் வருவதால்தான் அது துடிப்பதாகத் தெரிகிறது.

1951 செப்டெம்பரில்தான் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைக்கும் தொலைக்காட்சித் தொடர்பு வந்தது. அதற்கு முன் மேற்குக் கரைக்காரர் நியூயோர்க் நிகழ்ச்சிகளைப் பார்த்தது இந்த ஃபிலிம் பிரதிகளில். தொடர்பு வந்த பிறகும் மூன்று மணி நேர வித்தியாசம் இருந்தது. லொஸ் ஏஞ்சலிஸில் ஃபிலிமில் பிடித்து, ஈரம் காய்ந்ததும் காயாததுமாக மூன்று மணி நேரத்துக்குள் ஒளிபரப்பியிருக்கிறார்கள். அம்பெக்ஸ் நிறுவனத்தின் 2 அங்குல வீடியோ ரேப் இயந்திரம் 1956இல் வந்த பிறகே இந்தப் பாடு குறைந்தது. ஆனால் ரேப்பை அழித்துத் திரும்பப் பாவிக்கலாம் என்பதால், ஃபிலிம் தப்பிய இடத்தில் ரேப் தப்பாத கதையும் உண்டு.

நல்ல பாடகர்கள், நல்ல வாத்தியக் குழு. பிறகேன் மூடினார்கள்? (வாசகர், மட்டக்குளி)

ரொக் அண்ட் ரோல். 1956க்கு முன் மக்கள் விரும்பியது மெட்டையும் சொல்லையும். எல்விஸ் பிரெஸ்லி வந்த பிறகு அவர்கள் விரும்பியது இசைத்தட்டில் இருந்த அந்தக் குரலையும் அந்தக் கிற்றாரையும். எல்விஸின் ‘ஹவுண்ட் டோக்’ பாட்டை ஸ்னூக்கி லான்சன் நாகரிகமாக நின்று பாடினால் பையன்கள் சிரிப்பார்கள், பெரியவர்களுக்கோ பாட்டே பிடிக்காது. 1957இல் பழைய அணியை மொத்தமாக மாற்றினார்கள். அடுத்த வருடம் சி.பி.எஸ். டொரதி கொலின்ஸைத் திரும்ப அழைத்தது. ஆளை மாற்றித் தீர்க்கக்கூடிய பிரச்சினையா அது? 1957 ஓகஸ்டில் ஏ.பி.சி. நாடு முழுவதும் ஒளிபரப்பத் தொடங்கிய ‘அமெரிக்கன் பாண்ட்ஸ்டாண்ட்’, மூல இசைத்தட்டையே போட்டு, பாடகரை வாயசைக்க வைத்து, பிள்ளைகளை ஆடவிட்டது. செலவும் குறைவு.

இன்னொரு நிகழ்ச்சியை நடத்திய எட் சலிவன் வேறு வழியில் தப்பினார். அவரது நிகழ்ச்சியில் பாடகர் விருந்தாளி; யார் பிரபலமோ அவரையே அழைக்கலாம். 1948இல் தொடங்கி 1971 வரை ஓடியது.

கறுப்பினப் பாடகர் ஒருவர் நடத்திய நிகழ்ச்சி விளம்பரம் கிடைக்காமல் நின்றதாமே? (வாசகி, வத்தளை)

நட் கிங் கோல். என்.பி.சி.யில் 1956 நவம்பர் முதல் 1957 டிசெம்பர் வரை. முதலில் 15 நிமிடம், பிறகு அரை மணி. ஹரி பெலஃபொன்டே போன்றவர்கள் மிகக் குறைந்த சம்பளத்துக்கு வந்து பாடிக் கொடுத்தார்கள். அமெரிக்கத் தென்மாநில வெள்ளையின வாடிக்கையாளர்கள் கோபிப்பார்கள் என்ற பயத்தில் நாடளாவிய விளம்பரதாரர் ஒருவரும் முன்வரவில்லை. தரத்தைப் பற்றிய கேள்வியே எழவில்லை. இன்று பார்த்தாலும் அந்தக் காலத்து நிகழ்ச்சிகளில் அதுவே மிகச் சுத்தமானது என்போம்.

ஆசிரியர் ஐயாவுக்கு, ரொறன்ரோவில் இருந்து அண்ணா அனுப்பிய பழைய இசை நிகழ்ச்சி வீடியோக் கசெற்றுகள் ஆறு இருக்கின்றன. எங்கள் வீடியோ டெக்கில் போட்டால் படம் உருளுகிறது, பாடகி ஆண் குரலில் இழுத்து இழுத்துப் பாடுகிறார். ரேப்பில் வெள்ளைப் பொடியும் தெரிகிறது. காப்பாற்றலாமா? (வாசகி, கொட்டாஞ்சேனை, இதே கேள்வியை மேலும் மூவர்)

காப்பாற்றலாம். ஆனால் முதல் வேலை, இனி டெக்கில் போடாதீர்கள். அந்த வெள்ளைப் பொடி பூஞ்சணம். டெக்கின் உள்ளே உதிர்ந்தால் அடுத்துப் போடும் நல்ல கசெற்றுக்கும் ஒட்டும், ரேப்பைப் படிக்கும் தலைகளும் அடைபடும்.

படம் உருளுவதற்குக் காரணம் வேறு. கனடா, அமெரிக்கக் கசெற் என்.டி.எஸ்.சி. என்ற தொலைக்காட்சி முறை, நம் நாடு ‘பால்’ (PAL) என்ற முறை. என்.டி.எஸ்.சி.யில் ரேப் வினாடிக்கு 33.35 மி.மீ. ஓடும்; பால் டெக் அதை 23.39 மி.மீ. வேகத்தில் ஓட்டுகிறது. 70 சதவீத வேகம். அதனால்தான் குரல் தடிக்கிறது. கசெற் பழுதில்லை.

பூஞ்சணத்தைக் கவனிப்போம். கொழும்பில் வருடத்தின் பெரும்பகுதி காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்துக்கு மேல். 60 தாண்டினாலே பூஞ்சணத்துக்குப் போதும். மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் ஆறு கசெற்றையும் உறையில்லாமல், நிமிர்த்தி வையுங்கள். கூடவே 250 கிராம் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானி ஒன்றும். மானி 40 சதவீதத்துக்கு இறங்கி ஒரு வாரமாவது அங்கேயே நிற்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் நீர் படியும். வெயிலும் கூடாது, ரேப் சுருங்கி அலைபோலாகும்.

காய்ந்த பூஞ்சணம் தூளாக உதிரும், இனித் துடைக்கலாம். வீட்டுக்கு வெளியே, மூக்குக் கவசத்தோடு. கசெற்றின் அடியில் ஐந்து ஸ்குரூ. திறக்குமுன் ரேப் போகும் பாதையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சின்ன வில்கள் தெறித்துவிட்டால் இடம் தெரியாமல் போகும். சுருளின் பக்கங்களை நூல் உதிராத மென்துணியால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ரேப்பின் முகப்பில் விரல் படக்கூடாது. கூடு முழுக்கப் பூஞ்சணம் என்றால் சுருள்களைச் சுத்தமான வேறொரு கூட்டுக்கு மாற்றுவது எளிது. ரேப் அறுந்திருந்தால் அதை ஒட்டுவதற்கென்றே விற்கும் நாடாவைத் தலை உரசாத பின்பக்கத்தில் ஒட்டவேண்டும். செலோரேப் வேண்டவே வேண்டாம். பசை கசிந்து தலையைக் கெடுக்கும்.

அடுத்தது டெக். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் பாவித்த டெக் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகப்பில் ‘என்.டி.எஸ்.சி. பிளேபெக்’ என்றிருந்தால் பெரும்பாலும் அரைவாசி வழிதான்: 60 புலம் ஓடும், நிறம் மட்டும் பால் முறையில் வெளிவரும். ரி.வி.யில் நன்றாகத் தெரியும். கொம்பியூட்டரில் பிடிக்கும் கருவிக்குப் புரியாமல் படம் கறுப்பு வெள்ளையாகும், அல்லது விட்டுவிட்டு வரும். கருவியின் அமைப்பில் ‘பால் 60’ இருந்தால் பிழைத்தீர்கள். எல்லா முறைகளையும் ஓட்டும் உண்மையான டெக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கடைக்குப் போகும்போது பழுதானாலும் பரவாயில்லை என்ற சுத்தமான என்.டி.எஸ்.சி. கசெற் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு கசெற்றுக்கும் பிறகு தலையைத் துடையுங்கள். 99 சதவீத ஐசோபுரப்பைல் அல்ககோலில் நனைத்த மான்தோல் துண்டைத் தலைகள் பொருத்திய உருளையில் அசையாமல் பிடித்து, உருளையைத்தான் மெல்லத் திருப்ப வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் தலை முனை உடையும், அதோடு டெக் போச்சு. பஞ்சுக் குச்சியும் பாவிக்க வேண்டாம், நூல் சிக்கும்.

ஏசி அறையில் இருந்த கசெற்றை வெளியே கொண்டுவந்தால் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் போடுங்கள். முதலில் முழுதாக முன்னே ஓட்டி, பின்னே சுற்றி, பிறகு பிடியுங்கள். கினெஸ்கோப் நிகழ்ச்சிகள் ஒற்றை ஒலி. டெக்கில் ஒலித் தெரிவு இருந்தால் ‘ஹைஃபை’ தடத்தில் படபட என்று இரைச்சல் வரும்போது ‘நோர்மல்’ தடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

பிடித்தாகிவிட்டது. ஆனால் பாடகர் கை அசைக்கும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடுகள். மென்பொருளில் இரு புலங்களையும் ஒரே படமாக்கும் ‘டிஇண்டர்லேஸ்’ போட்டால் கோடு போகிறது, அசைவு தடக்குகிறது. (வாசகர், கொழும்பு 6)

வந்த வழியிலேயே திரும்பிப் போக வேண்டும். ஃபிலிமின் 24 படத்தை வீடியோவின் 30க்கு நீட்ட, 4 ஃபிலிம் படத்தை 5 வீடியோப் படமாக்கியிருப்பார்கள். அந்த ஐந்தில் இரண்டு கலப்படம். சீப்புப் பல் தெரிவது அந்த இரண்டில்தான். சாதாரண டிஇண்டர்லேஸ் கலப்படத்தை மழுப்புமே தவிர, உபரிப் படத்தை நீக்காது. தடக்கல் அதனால்.

பிடிக்கும்போது 720க்கு 480 அளவு, வினாடிக்கு 29.97 படம், எந்த வடிகட்டியும் இல்லாமல் அப்படியே பிடியுங்கள். ‘டிஜிட்டல் வீடியோ’ (DV) வடிவத்தில் மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட். இரண்டு மணி நேரக் கசெற் ஆறென்றால் 156. பிறகு பிரதி எடுத்து, ஹாண்ட்பிரேக் மென்பொருளில் உபரிப் படத்தை நீக்கும் ‘டிடெலிசீன்’ வடிகட்டியைப் போட்டு, டிஇண்டர்லேஸை நிறுத்தி, படவேகத்தை 23.976 என்று வையுங்கள். நிகழ்ச்சியை ஃபிலிமில் அல்லாமல் வீடியோ ரேப்பில் பதிந்திருந்தால் இந்த முறை பிழைக்கும். அதற்கு 60 புலத்தையும் 60 படமாக்கும் ‘பொப்’ முறைதான் சரி. எதுவென்று அறிய, பிடித்த கோப்பைப் படம் படமாக நகர்த்துங்கள். மூன்று சுத்தம், இரண்டு சீப்பு என்று மாறி மாறி வந்தால் ஃபிலிம். அசையும் இடமெல்லாம் சீப்பு என்றால் வீடியோ.

மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

‘ஹிட் பரேட்’ வாத்தியக் குழுத் தலைவர் ரேமண்ட் ஸ்கொட் விஞ்ஞானியாமே? (வாசகர், மருதானை)

ஆம் என்றே சொல்லலாம். 1949இல் அண்ணன் மார்க் வார்னோ இறந்த பிறகு குழுவை ஏற்று 1957 வரை நடத்தினார். சனிக்கிழமை இரவு மெல்லிசை, மற்ற நாட்களில் வீட்டுப் பட்டறையில் மின்னணு வாத்தியம். ‘கிளாவிவொக்ஸ்’, தானே இசையமைக்கும் ‘எலெக்ட்ரோனியம்’ இரண்டும் அவர் செய்தவை. அவரது பழைய மெட்டுகள் வோர்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில் நிறைய வரும். முயல் ஓடும்போது கேட்டிருப்பீர்கள். டொரதி கொலின்ஸ் அவர் மனைவி.

எங்கள் மன்ற ஆண்டு விழாவில் இந்தப் பாணியில் 25 நிமிட நிகழ்ச்சி செய்ய விருப்பம். தமிழ்ப் பாட்டுகள், நான்கு பாடகர்கள், நேரடி வாத்தியம். எப்படித் திட்டமிடுவது? (மன்றச் செயலாளர், வெள்ளவத்தை)

பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அங்கத்தவர்களிடம் துண்டு கொடுத்து ஆளுக்கு மூன்று பாட்டு எழுதச் சொல்லுங்கள்; முதலாவதுக்கு 3, அடுத்ததுக்கு 2, கடைசிக்கு 1 புள்ளி. சமமானால் முதலிடம் அதிகம் பெற்றது மேலே. அமெரிக்கர் மறைத்தார்கள், நீங்கள் புள்ளியைச் சுவரில் ஒட்டுங்கள், சண்டை குறையும்.

நேரம்: ஏழு பாட்டு, தலா 2 நிமிடம் 15 வினாடி, ஆக 15.45. பழைய பாட்டு இரண்டு, தலா ஒன்றரை நிமிடம், 3.00. ஒன்பது அறிமுகம் தலா 15 வினாடி, 2.15. தொடக்க இசை 40 வினாடி, முடிவுப் பாட்டு 45 வினாடி, அனுசரணையாளருக்கு நன்றி இரண்டு நிமிடம். கூட்டினால் 24.25. மிச்சம் 35 வினாடி கைதட்டலுக்கே போய்விடும். நம் சினிமாப் பாட்டு நாலரை நிமிடம் போகும். பல்லவி, ஒரு சரணம், மீண்டும் பல்லவி என்று வெட்டாமல் இந்தக் கணக்கு நிற்காது. இடையிசையை எட்டு மாத்திரைக்குச் சுருக்கச் சொல்லி வாத்தியக்காரருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், மேடையில் கைகாட்டி வெட்ட முடியாது.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 7.30க்குத் தொடங்கி 7.55க்கு முடிய வேண்டுமானால், முடிவுப் பாட்டு 7.54.15க்குத் தொடங்க வேண்டும். முதலிடப் பாட்டின் அறிமுகம் 7.51.45க்கு. அந்த நொடியில் எது ஓடிக்கொண்டிருந்தாலும் விட்டுவிட்டு முதலிடத்துக்குப் போவது என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய பாட்டு இரண்டில் ஒன்றைப் பிற்பாதியில் வைத்தால், நேரம் போதாதபோது விழுவது அதுதான். நேரக்காரர் ஒருவர், அவருக்கு வேறு வேலை கிடையாது.

ஒன்பது பாட்டு நான்கு பேருக்கு: மூவருக்கு இரண்டு, ஒருவருக்கு மூன்று. ஒருவரே அடுத்தடுத்துப் பாடக்கூடாது. இடையில் ஒரு பாட்டு இருந்தால் உடை மாற்றக் கிடைப்பது 2 நிமிடம் 45 வினாடி. அதற்குள் சேலை மாற்ற முடியாது. தைத்த சேலை வேண்டும், அல்லது சேலை அப்படியே இருக்க, மேல்சால்வையும் பூவும் மாலையும் மட்டும் மாறட்டும். வேட்டிக்காரருக்கு இந்தக் கஷ்டமில்லை.

அரங்கத்தை இடம், நடு, வலம் என்று மூன்றாகப் பிரித்து ஒளியால் மட்டும் மாறுங்கள். ஒன்றில் பாட்டு நடக்கும்போது மற்ற இரண்டும் இருட்டில் ஆயத்தமாகும். பொருள் தூக்குகிறவர்கள் செருப்பில்லாமல் நடக்கட்டும். கம்பியில்லா மைக் நான்கும் பாடகரின் பெயரோடு நிறநாடா ஒட்டியதாக இருக்க வேண்டும், கைமாறக்கூடாது. விழா நாளில் புது பற்றரி. வாத்தியங்களுக்கும் ஒலிக்கலவைப் பெட்டிக்கும் ஒரே மின்தொடரிலிருந்து மின்சாரம் எடுங்கள்; ஒளிவிளக்கின் டிம்மருக்கு வேறு தொடர். இரண்டையும் கலந்தால் விளக்கு மங்கும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் ‘ம்ம்ம்’ என்று இரையும், அதை நிறுத்த அன்றிரவு ஆள் கிடைக்காது.